பத்தாவது கை

"டூட்டி நேரத்துல நான் உக்காந்து யாராவது பாத்திருந்தா சொல்லுங்க. அன்னைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்!"

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெரிய சிஸ்டர் இந்தச் சவாலை விட்டு இருபத்துமூன்று வருடமாகிறது. ஏற்றுக்கொள்ள ஆளில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட அலமாரி மேல் டப்பாவை வைத்து நின்றபடியே முடிப்பார். அவருக்கென்று அரசு கொடுத்த நாற்காலியில் பஞ்சு மூட்டை உட்கார்ந்திருந்தது. பணிமூப்பில் அவருக்கு அடுத்தது அதுதான்.

இன்னொரு பெருமையும் உண்டு. அவர் கையில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து வீணானதில்லை. பெருந்தொற்றுக்கு வந்த மருந்தோ குப்பிக்குப் பத்துப் பேர் கணக்கு; திறந்தால் நாலு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். ஆகவே பத்துத் தலை எண்ணாமல் குப்பியைத் தொடமாட்டார். ஊசி போட்டுக்கொண்டவர்கள் பக்கத்து அறையில் முப்பது நிமிடம் உட்கார வேண்டும். இருபத்தெட்டாவது நிமிடத்தில் எழுந்த ஒருவரை, வாய் திறக்காமல் வெறும் பார்வையாலேயே மறுபடி உட்காரவைத்தவர் அவர்.

இத்தனை இருந்தும், ஊழியர்களுக்கான தடுப்பூசிப் பட்டியலில் முதல் பெயருக்கு நேரே இன்னும் டிக் விழவில்லை. அது அவருடைய பெயர்.

முதல் வாரம் பிரஷர் என்றார். இரண்டாம் வாரம், "பரிமாறுறவ கடைசியாத்தான் சாப்பிடணும்" என்றார். மூன்றாம் வாரம் மனதில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"நம்ம தையல்காரர் ஒரு சட்டைக்கே ரெண்டு மாசம் இழுக்கறாரு. இவங்க ஒரே வருஷத்துல மருந்தே கண்டுபிடிச்சுட்டாங்களாமே?"

இதைக் கேட்ட கம்பவுண்டர் தன் முழுக்கைச் சட்டையின் பித்தானை மாட்டிக்கொண்டார். "சிஸ்டர் போட்டா நானும் போட்டுக்கறேன்" என்பது அவர் கொள்கை. சிஸ்டர் உறுதியாக இருக்கும்வரை கம்பவுண்டருக்கும் கவலையில்லை.

இப்படியிருக்க, ஒரு மழை நாளில், பன்னிரண்டு மணிக்குப் பத்துத் தலை தேறியது. பெரிய சிஸ்டர் குப்பி மேல் நேரத்தை எழுதித் திறந்தார். ஒன்பது கைகளுக்குப் போட்டாயிற்று. பத்தாவதாக இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் அசையவில்லை.

"கையக் காட்டுங்க."

"எனக்கெதுக்கும்மா? எங்க ஆபீஸ்லயே போட்டு விட்டாங்க. வீட்டுக்காரிக்குத் துணையா வந்தேன்."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஆட்ட எண்ற மாதிரி விரல நீட்டிக்கிட்டே போனீங்க. சரி, நம்மளையும் ஒரு ஆளா மதிக்கறாங்களேன்னு சும்மா இருந்தேன்."

மழை நிற்கவில்லை. கம்பவுண்டர் ஆறு பேருக்குப் போன் செய்தார். ஆறு பேரும் மழை விட்டதும் வருவதாக வாக்குக் கொடுத்தார்கள். பெரிய சிஸ்டர் குளிர்பெட்டியைத் திறந்து குப்பியைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். மணி மூன்று நாற்பது.

"அக்கா, இன்னும் இருபது நிமிஷம்தான்" என்றாள் சின்ன சிஸ்டர். "அப்புறம் தூக்கித்தான் போடணும்."

"தெரியுது."

"ஒரு கை இருக்கு. கேட்டாக் கோபம் வரும்."

"எந்தக் கை?"

சின்னவள் பெரிய சிஸ்டரின் கையையே பார்த்தாள்.

"நான் காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்தா இந்த ஆஸ்பத்திரியே படுத்துடும்டி!"

"நான் பாத்துக்கறேன். பயமா இருக்காக்கா?"

"எனக்கா? பயமா? எத்தனை ஆயிரம் பேருக்கு இந்தக் கையால..." வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ரொம்ப" என்றார்.

"எனக்கும்தான் அன்னைக்கு இருந்துச்சு. நீங்கதானே கையப் பிடிச்சுக்கிட்டுப் போட்டு விட்டீங்க."

பெரிய சிஸ்டர் கடைசியாக ஒருமுறை பெட்டியைத் திறந்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"போட்டாச்சுக்கா."

"பொய் சொல்லாத. நீ இன்னும் தொடவே இல்ல."

"குப்பியப் பாருங்க. காலி."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "ம். பரவாயில்ல. யார் சொல்லிக் குடுத்த கை!" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல மேசையைத் துடைக்கக் கிளம்பினார். சின்னவள் குறுக்கே நின்றாள்.

"பக்கத்து ரூம். முப்பது நிமிஷம்."

"எனக்குமா?"

"நீங்க போட்ட சட்டம்தான்."

டூட்டி முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒன்பது பேர் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலிகளில், சுவரோரமாக இருந்த ஒன்றின் நுனியில் பெரிய சிஸ்டர் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் முதுகு சாய்ந்தது. பத்து நிமிடத்தில் கால் நீண்டது.

வாசலில் வந்து நின்ற கம்பவுண்டர் மெதுவாகச் சட்டைக்கைப் பித்தானைக் கழற்றினார்.

"நாளைக்கு லிஸ்ட்ல என் பேரையும் சேத்துக்கங்க. அது சரி சிஸ்டர், வேலைய எப்ப எழுதிக் குடுக்கறீங்க?"

பெரிய சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தெட்டாவது நிமிடத்தில் மெல்ல எழப் பார்த்தார்.

சின்னவள் ஒரு பார்வை பார்த்தாள்.

மறுபடி உட்கார்ந்தார்.