எர்சிலியா கேட்க விரும்பியது

எர்சிலியாவைப் போன வாரம் அடக்கம் செய்தோம். நல்ல உழைப்பாளி, நல்ல தாய் என்று பாதிரியார் சொன்னார். இரண்டும் உண்மைதான். அவள் பாடகி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தபோதே இசை நாடகங்கள் நடந்த ஓபரா அரங்கம் இருந்த இடத்தில் கார்களை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ரயிலடிக்குப் பக்கத்துச் சலவைக்கடையில் இஸ்திரி போடுவது அவள் வேலை. நாள் முழுக்க ஆவியில் நிற்பாள். இஸ்திரிப் பெட்டி நகரும் வேகத்தைப் பார்த்தே அரங்கத்தில் என்ன ஒத்திகை நடக்கிறதென்று சொல்லிவிடலாம். சோகக் காட்சி ஒத்திகை என்றால் யாருடைய காலராவது கருகும்.

எங்கள் அரங்கத்தில் மேடையின் முன்னால் நிற்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். மிலானிலிருந்து ரயிலேறி வருவார்கள், நான்கு இரவு பாடுவார்கள், போய்விடுவார்கள். பின்னால் கும்பலாக நின்று பாடுகிறவர்கள் நாங்கள். கசாப்புக்கடைக்காரர், தையல்காரி, பள்ளி ஆசிரியனான நான். எர்சிலியா நின்ற இடத்தில் அவளுக்கு முன்பு அவள் அம்மா நின்றாள்.

நாங்கள் அதிகம் பாடியது படகுக்காரியின் ஓபராவைத்தான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் அந்தப் படகுக்காரி ஆற்றங்கரையில் தனியாக நின்று, தன்னோடு அக்கரைக்கு வர யாராவது உண்டா என்று ஊரைக் கேட்பாள். நீண்ட பாட்டு. அது முடிந்ததும் ஊர் மொத்தமும் 'வருகிறோம்' என்று எழும். அந்த ஊர் நாங்கள்.

ஒருமுறை மூடுபனியில் ரயில் நின்றுவிட்டது. படகுக்காரியாகப் பாடவேண்டிய மிலான் பாடகி வந்து சேரவில்லை. எங்கள் பாட்டுக் குழுத் தலைவர் ஒத்தோரினோ, முடிதிருத்துபவர், எர்சிலியாவிடம் உடையை மாற்றச் சொன்னார். அவளுக்கு முழுப் பாட்டும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாவாடை நீளமாக இருந்தது. ஊசி குத்தி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பால் வண்டி வந்து நின்றது. மிலான் பாடகி அதிலிருந்து இறங்கினாள். எர்சிலியா ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் கூரையில் விரிசல் கண்டு அரங்கத்தை மூடினார்கள். அரங்கத்தின் தனி இருக்கை மாடங்களைச் சொந்தமாக வைத்திருந்த குடும்பங்கள், கூரை யார் பொறுப்பு என்று வழக்காடின. அவர்கள் வழக்காடி முடிப்பதற்குள் ஒரு குளிர்காலத்துப் பனி கூரையை உள்ளே தள்ளிவிட்டது. மிச்சத்தை நகராட்சி இடித்தது.

அதன் பிறகும் ஊர்த் திருவிழா மாலையில் நாங்கள் அதேல்மோவின் மதுக்கடையில் கூடினோம். அதேல்மோவும் எங்கள் ஆள்தான், கீழ்க்குரலில் பாடுபவர். சூடான சூப், ஒயின், பிறகு இரண்டாம் அங்கம். எங்கள் பகுதியை மட்டும்தான் பாடுவோம். படகுக்காரி பாடும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவோம். அவள் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் யாரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒத்தோரினோ மேசையில் விரலால் தாளம் தட்டுவார். விரல் உயர்ந்ததும் 'வருகிறோம்' என்று எழுவோம். புதிதாக வந்தவர்கள் எங்களுக்குப் பாட்டு மறந்துவிட்டதென்று நினைப்பார்கள். அப்படிப் பல வருடங்கள் போயின.

ஒரு வருடம், சூப் கிண்ணங்களை எடுத்த பிறகு எர்சிலியா ஒத்தோரினோவிடம் சொன்னாள்:

"மாஸ்ட்ரோ, இந்தத் தடவை அந்த இடத்த நான் பாடறேன்."

"எந்த இடத்த?"

"நீ மேசையத் தட்டிக்கிட்டு உக்காந்திருப்பியே, அத."

ஒத்தோரினோ கோப்பையைக் கீழே வைத்தார். "அது ஒண்ணும் காலி இடம் இல்ல எர்சிலியா. வரவேண்டியவங்களுக்காக விட்டு வெச்சிருக்கோம். அதையும் நாமளே பாடிட்டா, அரங்கமே வேணாம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

"யாரு வரப்போறா? மிலான்லேர்ந்து இந்தக் கடைக்கா?"

"சொல்ல முடியாது. பால் வண்டி வந்தாலும் வரும்!" என்றார் அதேல்மோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ வாய மூடு. உன் பகுதியில இருக்கறதே மூணு ஸ்வரம், அதுல ரெண்டு தப்பு." அவள் ஒத்தோரினோவின் பக்கம் திரும்பினாள். "எனக்குக் கைதட்டு வேணாம்ப்பா. இத்தன வருஷம் உங்க நடுவுல நின்னு பாடியிருக்கேன். எனக்குக் கேட்டதெல்லாம் என் குரலும் பக்கத்துல நின்ன ஜெம்மாவோட இருமலும்தான். நாம எல்லாரும் சேர்ந்து எழும்போது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. முன்னாடி நிக்கறவளுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை அத நான் கேக்கணும்."

ஒத்தோரினோ மீசையைத் தடவினார்.

"இத அரங்கம் இருந்தப்பவே சொல்லியிருக்கலாமில்ல," என்றார்.

எர்சிலியா எழுந்து போய் அடுப்போரம், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். நாங்கள் எங்கள் பகுதியைப் பாடி நிறுத்தினோம். அவள் தொடங்கினாள்.

அவள் குரல் பெரிய குரல் இல்லை. ஆவியில் நின்று நின்று ஓரம் கரகரத்திருந்தது. ஆனால் மிலானிலிருந்து வந்தவர்கள் யாரும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதில்லை. அவர்கள் அழகாகப் பாடினார்கள். இவளுக்குப் பதில் தேவைப்பட்டது.

கடைசி வரி முடிந்தது. நாங்கள் எழவில்லை.

இத்தனை வருடமாக ஒத்தோரினோவின் விரலைப் பார்த்தே எழுந்து பழகியிருந்தோம். அவர் தாளம் தட்ட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதேல்மோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எர்சிலியா காத்திருந்தாள். அவள் தோள்கள் மெல்லத் தாழ்வது தெரிந்தது.

"என்ன, ஊர்ல யாருமே இல்லையா?" என்றாள், திரும்பாமலே.

ஜெம்மா மூக்கை உறிஞ்சினாள். ஒத்தோரினோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "மறுபடியும். கடைசி வரியிலேர்ந்து. எல்லாரும் அவளப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

அப்போது அவள் திரும்பி எங்களைப் பார்த்து நின்றாள். எந்தப் பாடகியும் அதைச் செய்ததில்லை. நாங்கள் காலமெல்லாம் அவர்களுடைய உடையின் பின்பக்கக் கொக்கிகளைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறோம். அந்தப் பாட்டுக்கு ஒரு முகம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். கடைசி வரியைப் பாடினாள். நாங்கள் எழுந்தோம். அதேல்மோ அரைத் தாளம் முந்தினார், என் குரல் பிசிறடித்தது. ஆனாலும் எழுந்தோம், கண்ணாடி அலமாரி அதிரும்படி எழுந்தோம்.

அந்த இடத்தில், ஊரின் குரலுக்கு மேலே படகுக்காரிக்கு ஓர் உச்ச ஸ்வரம் உண்டு. எர்சிலியா அதைப் பாடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.