அண்ணாச்சி கடைக்கு எதிர் வீடு

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு யார் போன் செய்தாலும் என் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான். "அண்ணாச்சி கடை தெரியும்ல, அதுக்கு நேர் எதிர் வீடு." கேஸ் சிலிண்டர்காரருக்கும் இதுதான், கூரியர்காரருக்கும் இதுதான், சம்பந்தி வீட்டார் முதல்முதலாக வந்தபோதும் இதுதான். இதைச் சொல்லும்போது அவர் நிற்பது எங்கள் வாசலில். தலைக்கு மேலே என் கடை போர்டு. தகரத்தில் இரண்டு கைகள், முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக வளையல்கள், பக்கத்தில் 'பேன்சி ஸ்டோர்' என்று கொட்டை எழுத்து. அந்தப் போர்டுக்கு அடியில் நின்றுகொண்டுதான் அடுத்தவர் கடையை அடையாளம் சொல்வார். கட்டின புருஷனே இப்படி என்றால் தெருக்காரர்களைச் சொல்லி என்ன பயன்?

இத்தனைக்கும் அண்ணாச்சி கடைக்குப் போர்டே கிடையாது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மதுரைப் பழங்காநத்தத்துக்கு வந்து மளிகைக்கடை போட்ட மனிதர், கடைக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, ஒரு பலகையும் மாட்டவில்லை. வாசலில் நாலு மூட்டை, உள்ளே ஒரு தராசு, கல்லாவுக்கு மேலே முருகன் படம். நான் போர்டு எழுதுகிறவரை வீட்டுக்கே வரவழைத்து, விரல் நகத்தில் மருதாணி தெரிய வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று வரைய வைத்தவள். ஊர் வாயில் நின்றது என்னவோ போர்டு இல்லாத கடைதான்.

பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான். அதற்காக அவர் கடையில் சாமான் வாங்காமல் இருந்ததில்லை. பொறாமை வேறு, புளி வேறு. அவர் கடைப் புளி நல்ல புளி.

என் கடை வீட்டின் முன்னறையில் இருந்தது. வளையல், ரிப்பன், பொட்டு, கவரிங் தோடு, கிளிப். இந்தத் தெருவில் வளைகாப்பு என்றால் வளையல் அடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றினால் ஒன்றுகூட உடையாது. ஏழாம் மாதத்தில் கை வீங்கியிருக்கும் பெண்ணுக்கு வளையல் உடைந்துவிட்டால் மாமியார்களின் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏற்றுவேன். இன்றைக்குப் பெரிய மனிதர்களாக இந்தத் தெருவில் வண்டி ஓட்டும் பாதிப் பேர், வயிற்றுக்குள் இருந்தபோதே என் வளையல் சத்தம் கேட்டவர்கள்.

பிறகு பெண்கள் எல்லாவற்றையும் போனில் பார்த்து வரவழைக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் முட்டி வலி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதக் கடைசியில் சூடம் காட்டிவிட்டு ஷட்டரை இறக்கினேன். இறக்கிவிட்டு உடனே உள்ளே போகவில்லை. யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று வாசலிலேயே நின்றேன். பூக்காரம்மா போனார், பள்ளிக்கூட வேன் போனது, அடுத்த வீட்டு டீச்சர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பால் பாக்கெட் போடுகிறவர் ஷட்டரைப் பார்த்துவிட்டு நின்றார். பதில் சொல்ல ஒரு படி இறங்கினேன். அவர் கேட்டது இதுதான்: "அக்கா, இனிமே இங்க வண்டிய நிப்பாட்டிக்கட்டுமா?"

அன்றிலிருந்து என் ஷட்டருக்கு முன்னால் தெருவில் பாதி வண்டிகள் நிற்கின்றன.

இந்த வருஷம் அண்ணாச்சி கடை இருந்த கட்டடத்தை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி வரப்போகிறதாம், கீழே முழுக்கக் கார் நிறுத்தும் இடமாம். அண்ணாச்சிக்கும் வயதாகிவிட்டது. பைபாஸ் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு வியாபாரமும் படுத்துவிட்டது. கோச்சடையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறேன் என்று சொன்னார். அவ்வளவுதான், தெருவே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

தெரு வாட்ஸப் குரூப்பில் கண்ணீர் வடிக்கும் பொம்மைகளாக வந்து விழுந்தன. அடுத்த வீட்டு டீச்சர், தன் பிள்ளைகள் அண்ணாச்சி கடைக் கடலை மிட்டாய் தின்று வளர்ந்த கதையை நீளமாக எழுதியிருந்தார். கடைசி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி, மனிதத் தொடர்பே அற்றுப்போகிறது என்று குரலில் பதிவு செய்து அனுப்பினார். வாரா வாரம் சூப்பர் மார்க்கெட் பையை டிக்கியிலிருந்து இறக்குகிறவர் அவர். அரிசி முதல் அப்பளம் வரை டீச்சர் வீட்டு வாசலில் டெலிவரி ஆட்கள் வைத்துவிட்டுப் போவதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவர்கள் எல்லாரும் அந்தக் கடையில் வாங்கியிருந்தால் அவர் ஏன் போகிறார்? ஆனால் என்னை உறுத்தியது அந்தப் போலித்தனம் இல்லை. அந்தப் போலிக் கண்ணீரில் ஒரு சொட்டுகூட என் கடைக்கு விழவில்லையே என்பதுதான். டீச்சரின் வளைகாப்புக்கு வளையல் அடுக்கியது இந்தக் கைதான்.

பிறகு தெருப் பையன்கள் வந்தார்கள். பையன்கள் என்பது வாய்ப்பழக்கம், எல்லாருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. அண்ணாச்சிக்கு ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறோம் என்றார்கள். மதுரையில் காது குத்தினால் ஃப்ளெக்ஸ், வயசுக்கு வந்தால் ஃப்ளெக்ஸ், கடை மூடினால் மட்டும் ஏன் கூடாது? அவர் கடை வாசலில் மூட்டைகள் கிடப்பதால் மாட்ட இடமில்லையாம். எதிர்ப்பக்கம் வாகாக ஒரு மூடின ஷட்டர் இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் நான் வாயைத் திறப்பதற்குள் தாராளமாகக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் நாங்கள். கோபம் வந்தால் மட்டும் எனக்குத் தமிழ்தான் வரும், அதுதான் காரமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் கட்டினார்கள். மாடி கிரில்லில் கோத்த கயிற்றைக் கீழே இரண்டு பக்கக் கல்தூண்களிலும் கட்டினார்கள், ஃப்ளெக்ஸ் ஷட்டரின் பாதி வரை தொங்கியது. என் இரண்டு கைகளும் வளையல்களோடு அதற்குப் பின்னால் போய்விட்டன.

ஆனால் ஃப்ளெக்ஸில் ஒரு கோளாறு. உருக்கமாக ஒரு டிசைன் போடுங்கள் என்று இவர்கள் ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் உருக்கத்துக்கு இருப்பது ஒரே டிசைன்தான். ஒரு குத்துவிளக்கு, கண்ணீர் வழியும் இரண்டு கண்கள், பறந்துபோகும் புறா. அதற்கு நடுவில் அண்ணாச்சியின் ஆதார் அட்டைப் படம், அதுவும் கருப்பு வெள்ளையில். கீழே 'உங்களைப் பிரிந்து வாடும் தெரு இளைஞர்கள்' என்று போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டின பன்னிரண்டு முகங்கள். 'விற்பனையிலிருந்து ஓய்வு' என்ற வரி இருக்கத்தான் இருந்தது. விளக்குக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. பசுமலையிலிருந்து ஒருவர், முன்பு இதே தெருவில் குடியிருந்தவர், ஆளுயர மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். என் ஷட்டருக்கு முன்னால் நின்று ஃப்ளெக்ஸைக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எதிரே அண்ணாச்சி நின்று வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. மாலையை எங்கே வைப்பது? கடைசியில் நேரே போய் அண்ணாச்சி கழுத்திலேயே போட்டுவிட்டார். தெருவே கைதட்டியது. எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடினார்கள்.

என் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. எழவுக்கு வாங்கின மாலைகூட இந்த ஆளுக்கு மரியாதையாக மாறிவிடுகிறதே! தான் போனால் யார் யார் அழுவார்கள் என்பதை உயிரோடு பார்க்கிற கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும்? ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வயிறு எரிந்தது. மிளகாய் வதக்கினேன், அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அண்ணாச்சி கிளம்பின அன்று காலையிலேயே கடையைக் காலி செய்துவிட்டார். அலமாரிகளும் தராசும் டப்பாக்களும் தெருவில் இறங்கியிருந்தன. அவற்றை ஏற்றிப் போக வேண்டிய குட்டியானை வண்டி வரவில்லை. டிரைவர் புது ஆள், ரவுண்டானாப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினார். நான் வாசல் தெளிக்கிற சாக்கில் வெளியே நின்றேன்.

"தம்பி, தெருவுக்குள்ள வந்தா ஒரு பேன்சி ஸ்டோர் போர்டு இருக்கும். ரெண்டு கை நெறைய வளையல் படம் போட்டிருக்கும். அதுக்கு நேர் எதிர்ல நிக்கேன்."

நான் தெளித்த இடத்திலேயே மறுபடியும் தெளித்தேன்.

டிரைவர் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அப்படி ஒரு போர்டே இல்லை என்றார். "ஒரு துட்டி ஃப்ளெக்ஸ்தான்ணே தொங்குது."

"அதுல செத்திருக்கது நாந்தான்," என்றார் அண்ணாச்சி. "பொறு, அதக் கழட்டிப் போடுதேன். பெறவு போர்டு தெரியும்."

சொன்னவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். என் வீட்டுக் கல்தூண் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, தன் முகம் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். தெருவில் யார் மேலும் வராத கோபமும் யார் மேலும் வராத ஏதோ ஒன்றும் சேர்ந்து எனக்கு வந்தது. கேட்டேவிட்டேன்.

"என் கடைய மூடி மூணு வருஷமாச்சு அண்ணாச்சி. இன்னும் அதப் போயி அடையாளம் சொல்றீக?"

அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற எதச் சொல்ல, தங்கச்சி? எங்கடைக்கு ஏது போர்டு? கீழமாசி வீதிலருந்து சரக்கு வார லாரிக்கு அந்தக் காலத்துலருந்தே இதத்தான சொல்லுதேன். வளையல்கடைக்கு எதிர்க்கடைன்னா தெரியாத லாரிக்காரன் கிடையாது."

நான் மறுபக்கத்துக் கயிற்றை அவிழ்த்தேன். ஃப்ளெக்ஸ் சரிந்து இறங்கியது. பச்சையும் சிவப்பும் வெளுத்துப்போய், நகத்து மருதாணி மட்டும் கொஞ்சம் மீதி இருந்தது. போர்வை மடிக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்தோம். குட்டியானை தெருமுனையில் திரும்பி, போர்டைப் பார்த்து, நேரே வந்து நின்றது.

நான் அப்போதாவது உருகியிருக்க வேண்டும். உருகத்தான் செய்தேன், ஆனால் முழுசாக இல்லை. இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் இருந்தாரே என்று இருந்தது. என் வீட்டுக்காரருக்காவது சொல்லியிருக்கலாம். கடைசி நாளில் தன் ஃப்ளெக்ஸைத் தானே கழற்றி, அதிலும் நல்ல பெயரை அவரே வாங்கிக்கொண்டு போகிறாரே என்றும் இருந்தது. சாமான்கள் மழையில் நனையாமல் இருக்க அந்த ஃப்ளெக்ஸையே மேலே விரித்துக் கட்டினார்கள். வண்டி திரும்பும்போது அவர் முகம் கண்ணீர்க் கண்களுக்கு நடுவில் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனது. தெருவே கையசைத்தது. நானும் அசைத்தேன்.

இப்போது எதிர்ப்பக்கம் தகரத் தடுப்பு அடித்திருக்கிறார்கள். அண்ணாச்சியைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள், கோச்சடைக்குப் போய்விட்டார் என்று நான்தான் சொல்லி அனுப்புகிறேன். வளையல் கேட்டு ஒருவரும் வருவதில்லை. போன வாரம் சிலிண்டர்காரர் போன் செய்தபோது என் வீட்டுக்காரர், "அண்ணாச்சி கடை இருந்துச்சுல்ல" என்று ஆரம்பித்தார். இருந்தபோதும் அண்ணாச்சிதான், இல்லாதபோதும் அண்ணாச்சிதான்.

என் கடையை அடையாளமாகச் சொன்ன ஒரே ஆள் அவர், அவரும் போய்விட்டார். கோச்சடையில் மகள் வீட்டுக்கு எதிரே என்ன இருக்கிறதோ தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்போ, டீக்கடையோ, போன் ரிப்பேர் கடையோ. வழி கேட்கிறவர்களிடம் இப்போது அதைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கடை எதுவாக இருந்தாலும் சரி, அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.