நாலு விரல் துணி

"எந்தக் கடையில வாங்குன?" என்று என் நாத்தனார் கேட்டாளே, அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. பாவம், அவள் பாராட்டித்தான் கேட்டாள். நான் மூன்று மாதம் கழுத்து வலிக்க உட்கார்ந்து தைத்த போர்வை அது. மேலே ரோஜாப்பூவாக வெட்டி இணைத்த துணித் துண்டுகள், நடுவில் பழைய சேலை, அடியில் ஒரு கைலி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கக் கையால் ஓட்டுத்தையல். "நான் தைச்சதுடி" என்றேன். "அட, கடைச் சாமான் மாதிரியே இருக்கே!" என்று மறுபடியும் மெச்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். அந்த ரோஜா என்னுடையது இல்லை. எங்க வீட்டுக்காரர் துபாயிலிருந்து சாமான் சுற்றிக்கொண்டு வந்த ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்த ரோஜா. அளவெடுத்து, தாளில் வரைந்து, அதே நிறத்தில் பாப்ளின் தேடி வாங்கி அப்படியே இறக்கியிருந்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நான் தைத்ததைப் பார்த்தால் யார் தைத்தது என்று கேட்கக் கூடாது, கேட்காமலே தெரிய வேண்டும். ஊருக்குத் தெரியாவிட்டாலும் போகட்டும், அந்த மனுஷருக்காவது தெரிய வேண்டும்.

அவரோ, லீவில் வரும்போதெல்லாம் புலிப் படம் போட்ட கம்பளி ஒன்று தூக்கிக்கொண்டு வருவார். வீட்டில் மூன்று புலி சேர்ந்துவிட்டது. நம்ம ஊர் வெக்கைக்கு அதை யார் போர்த்துவது? ஒரு தடவை அவர் கிளம்பும்போது ரோஜாப் போர்வையை மடித்துக் கொடுத்தேன். "மச்சான், ஏசி ரூம்ல குளிருதுன்னு சொல்றீங்கல்ல, எடுத்துட்டுப் போங்க." கையில் எடைபோட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இந்த மாதிரி அங்க கடையிலயே கிடைக்குமே, எதுக்குச் சுமக்கணும்?" என்று பீரோ மேலே வைத்துவிட்டுப் போனார். இவர் வாயிலும் அதே கடை! நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நான் எவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், வீட்டு முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டிருந்தேன். ரெடிமேட் வந்த புதிது. புதுசாகத் தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்து போனார்கள். சரி, மிஷினை விற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அந்த ஜீன்ஸெல்லாம் எந்த ஊர் ஒட்டகச்சிவிங்கிக்கு அளவெடுத்ததோ, நம்ம பசங்க யாருக்கும் கால் பத்தவில்லை! ஆளாளுக்குப் புதுப் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். சிங்கப்பூர் போகிறவன், குவைத் போகிறவன், திருப்பூர் வேலைக்குப் போகிறவன், எல்லோருக்கும் அடியில் மூன்று விரல், நாலு விரல் என்று வெட்டி மடித்துத் தைத்தேன். வெட்டிய துண்டு ஒரு சாக்கில் விழும். சுற்றுவட்டாரத்தின் உயரக் குறைச்சல் மொத்தமும் என் வீட்டுச் சாக்கில் இருந்தது. இதற்கெல்லாம் முன்னாடியே, முதல் முதலில் வெட்டியது எங்க வீட்டுக்காரரின் காப்பித்தூள் நிறப் பேன்ட். அவர் முதல் தடவை துபாய்க்கு சபர் கிளம்பிய அன்று வெட்டினேன். அந்தத் துண்டை மட்டும் சாக்கில் போடவில்லை.

ஒரு ஐப்பசியில் விடாமல் மழை. பாப்ளின் தீர்ந்துவிட்டது, வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வழியில்லை. சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். சாக்கைக் கவிழ்த்தேன். ஜீன்ஸின் அடிமடிப்பைப் பிரித்து, தேய்த்து, சதுரமாக வெட்டி ரோஜா செய்யலாம் என்று பார்த்தால், அந்த மடிப்பில் மூன்று ஊசி உடைந்தது. "போ, எப்படியோ கெட!" என்று மடிப்பைப் பிரிக்காமலே விட்டேன். ஒரு துண்டின் பிசிறு மேல் அடுத்த துண்டின் மடிப்பை வைத்தேன், ஓடு வேய்கிற மாதிரி. பிசிறு உள்ளே போய்விட்டது, மஞ்சள் நூல் தையல் வெளியே வரிவரியாகத் தெரிந்தது. அளவு சமமாக இல்லை. அவனவன் கால் எவ்வளவு கட்டையோ, அவ்வளவு துண்டு. முடித்துப் பார்த்தபோது முரடாக இருந்தது. வெட்கமாக இருந்ததால் போர்வை என்று யாரிடமும் சொல்லாமல், மழைச்சாரலுக்கு வாசலில் தட்டி மாதிரி தொங்கவிட்டேன்.

எங்க ஊர் கேட்டைப் போட்டால் லேசில் திறக்க மாட்டார்கள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் இறங்கி, டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமாகி மறுபடி ஏறலாம். அப்படி ஒரு நாள் இறங்கிய ஒரு அம்மா, சாரலுக்கு என் வாசலில் ஒதுங்கினாங்க. போர்வையைத் தொட்டாங்க. "ஏம்மா பாயம்மா, இது எம் மவன் பேன்ட்டுல்ல?"

செங்கல் நிறத்துத் துண்டு அது. "எந்தக் கிறுக்கன் இந்தக் கலர்ல வாங்குவான்னு அவனை வஞ்சுக்கிட்டே இருந்தேன். அதையே போட்டுக்கிட்டு பிளேன் ஏறிட்டான்." சொல்லிக்கொண்டே சிரிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. கேட் திறந்து பஸ் ஹாரன் அடிக்குது, அவங்க துணியை விடவில்லை. "எனக்குக் குடும்மா. அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்." அப்படியே அவிழ்த்துக் கொடுத்தேன். "மடிச்ச பக்கம் மேலே இருக்கட்டும்னு சொல்லுங்க" என்று மட்டும் பின்னாலேயே கத்தினேன்.

அதோடு ரோஜாவுக்குத் தலைமுழுகினேன். அந்தப் புத்தகத்தில் அரிசி டின்னுக்கு மூடி போட்டேன். அடுத்த போர்வையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மடிப்பைப் பிரிப்பதில்லை, அளவைத் திருத்துவதில்லை. ஒவ்வொன்றையும் யாராவது ஒரு அம்மா கேட்டு வாங்கி, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பினாங்க. ஒன்றொன்றும் முந்தினதைவிட நன்றாக வந்தது. எனக்கே என் கைவேலை பிடித்துப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவர் போன் பண்ணினார். சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி என்று எப்போதும் கேட்பதைக் கேட்கவில்லை.

"நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ரூமுக்கு விருந்துக்குப் போனேன். அவன் கட்டில்ல ஒரு போர்வை. யாரு தைச்சதுன்னு நான் கேக்கவே இல்ல புள்ள."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "கேக்காம எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியாம என்ன? நீ கோவத்துல பேசாம உக்காந்திருப்பியே, அதே மாதிரி விறைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "ஊரானுக்கெல்லாம் இருக்கு. எனக்கு ஏன் இல்ல?"

விடுவேனா? "அங்கதான் கடையிலயே கிடைக்குமே மச்சான். வாங்கிக்குங்க."



"இது கடையில கிடைக்காது புள்ள," என்றார்.

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பீரோவின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்த அந்தக் காப்பித்தூள் நிற நாலு விரல் துணியை எடுத்து, முதல் துண்டாக அதை வைத்தேன்.