சந்தனத்துக்கு ஒதுங்குன எழுத்து

என் கண்ணாடியப் பாத்துச் சிரிக்காதவுக போடியில நான் வேலை பாத்த ஏலக்காய் மண்டிக்குள்ள ஒருத்தர்கூடக் கிடையாது. சோடாபுட்டின்னு முதுகுக்குப் பின்னால சொல்லுவாக, சிலபேரு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாக. சொல்லிட்டுப் போகட்டும். முதல் பெஞ்சுல உக்காந்தும் போர்டு தெரியாம, பக்கத்துப் புள்ள நோட்டப் பாத்து எழுதி, அப்படியும் கிளாஸ்ல முதலா வந்தவ நான். எனக்குக் கண்ணுதான் குறைச்சல். வேற ஒரு குறைச்சலும் இல்ல.

பொண்ணு பாக்க வந்த ஒரு வீட்டுக்காரவுக, கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு தரம் நிக்கச் சொல்லுங்கன்னு எங்கம்மாகிட்டக் கேட்டாக. கழட்டினேன். மாப்பிள்ளை மூஞ்சி எனக்குத் தெரியல. நல்லதாப் போச்சுன்னு உள்ள போயிட்டேன். அன்னைக்கு ராத்திரியே அம்மாகிட்டச் சொல்லிட்டேன், இனி நான் சம்பாதிச்சுத்தான் சாப்பிடுவேன், எவன் முன்னாலயும் கண்ணாடியக் கழட்ட மாட்டேன்னு. அம்மா அழுதுச்சு. நான் அழல.

எண்பதுகளோட கடைசி அது. அல்லிநகரத்துல எங்க வீடு. தேனியில டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சு, மதுரையில ஆறு மாசம் கம்ப்யூட்டர் படிச்சிருந்தேன். போடியில ஒரு ஏலக்காய் மண்டியில கம்ப்யூட்டர் வாங்கப் போறாகன்னு சர்ச்சுல பேசிக்கிட்டாக. மறுநாளே பஸ் ஏறிட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பாத்தாக. "ஆயுத பூசை வரைக்கும் பாப்போம்மா. சரிப்பட்டு வந்தா நிரந்தரம். இல்லன்னா உன் வழியப் பாத்துக்க," அப்படின்னாக. சரின்னு தலையாட்டினேன். அந்த நாற்காலிய விடுறதில்லன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

அந்த நாற்காலிக்கு இன்னொரு ஆளு ரெடியா இருந்தான். மண்டி மேனேஜரோட அக்கா மகன். மேனேஜருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள, பொம்பளப் புள்ள, அதுலயும் கண்ணு தெரியாத புள்ள. மூணு குத்தத்தையும் ஒண்ணா வச்சிருந்தா மனுசன் எப்படிப் பொறுப்பாரு.

வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச கையோட மெஷின் வந்துச்சு. மாடியில தனி ரூம், ஏசி, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். ஐயரை வச்சுப் பூசை போட்டு, நல்ல நேரம் பாத்துச் சுவிட்சைப் போட்டாக. மதுரையில இருந்து வந்த எஞ்சினியர் தம்பி, ஒண்ணும் ஆகிறக் கூடாதேன்னு வயரைக் கும்பிட்டுக்கிட்டே நின்னாரு. முதலாளியம்மா சந்தனக் கிண்ணத்தோட வந்தாக. திரைக்கு நட்டநடுவுல பொட்டு வைக்கப் போனவுகள அந்தத் தம்பி கெஞ்சிக் கூத்தாடி ஓரத்துக்குத் தள்ளினாரு. அவுகளும் பெரிய மனசு பண்ணி இடது ஓரத்துல, மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையா மூணு பொட்டு வச்சு, மேல குங்குமமும் வச்சாக. கட்டைவிரல் தண்டிக்கு ஒவ்வொண்ணும்.

"நல்ல நேரத்துல வச்சது. அதுவா உதிர்ற வரைக்கும் யாரும் தொடைக்கக் கூடாது," அப்படின்னாக முதலாளியம்மா. கீழ லாரிக்கு வச்ச சந்தனம்னா வெயில்லயும் மழையிலயும் ரெண்டு நாள்ல உதிர்ந்துரும். ஏசி ரூமுக்குள்ள எங்கிட்டு உதிரும்? அது பாட்டுக்குக் காஞ்சு ஒட்டிக்கிட்டு உக்காந்துருச்சு. வரி ஆரம்பிக்கிற இடமே இடது ஓரந்தான். டெல்லிக்கும் பம்பாய்க்கும் நான் அடிக்கிற கடுதாசியில, பொட்டு நிக்கிற இடத்துல எல்லாம் முதல் ரெண்டு எழுத்து மறைஞ்சுரும்.

அதுகூடப் பரவாயில்ல. கறுப்புத் திரையில பச்சையா, கடுகு மாதிரி எழுத்து. ஒரு வரிக்கு எண்பது எழுத்து. நான் மூக்கைத் திரைக்குப் பக்கத்துல கொண்டு போயித்தான் படிச்சேன். சாயங்காலம் பஸ்ல கழுத்து கழண்டு விழுகிற மாதிரி இருக்கும். மேனேஜர் வாசல்ல நின்னு பாத்துட்டு, கீழ போயி, "மேல என்ன நடக்குது தெரியுமா, அந்தப் புள்ள மெஷினை மோந்து பாத்துக்கிட்டு இருக்கு"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுவாரு. ஏலக்காய் பொறுக்குற பொம்பளைக எல்லாம் சிரிப்பாக. எனக்குக் காதெல்லாம் கொதிக்கும்.

மெஷினைக் கொண்டு வந்தவுக, கடுதாசி அடிக்கிற எடிட்டர்ங்கிற புரோகிராமுக்கு ஒரு தடிப் புஸ்தகமும் குடுத்திருந்தாக, ஜெராக்ஸ் எடுத்தது. கடைசி அத்தியாயம் உனக்கு வேண்டாம்மா, அதெல்லாம் செட்டிங்ன்னு எஞ்சினியர் தம்பி சொல்லியிருந்தாரு. எனக்கு வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா அதைத்தான் முதல்ல படிப்பேன். தேனி பஸ்ல புஸ்தகத்தை மூக்குக்கு நேரா பிடிச்சுக்கிட்டுப் படிச்சேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏத்தா, புஸ்தகத்தைத் திங்கப் போறியா"ன்னு கேட்டுச்சு. ஆமாத்தான்னேன்.

அந்த அத்தியாயத்துல எல்லாமே இருந்துச்சு. எழுத்தை அகலமாக்கலாம். திரைய வெளுப்பாக்கி எழுத்தைக் கறுப்பாக்கலாம். கண்ணுக்கே தட்டுப்படாத கோடு மாதிரி மினுக்குற கர்சரைக் கட்டமாக்கலாம். வரி எங்க ஆரம்பிக்கணும்னுகூட நாமளே சொல்லலாம், பேப்பர்ல வர்ற மார்ஜின் அதுபாட்டுக்குத் தனியா இருக்கும். இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் என்னைக் கடுகு பொறுக்க விட்டிருக்காக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல உக்காந்தேன். எண்பதை நாப்பதாக்கினேன். திரைய வெளுத்தேன். வரிய நாலு எழுத்துத் தள்ளி, சந்தனத்துக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்க விட்டேன். எடிட்டரை மூடித் திறந்தேன். எழுத்து ஒவ்வொண்ணும் ஊர் எல்லையில நிக்கிற பெயர்ப்பலகை மாதிரி எழும்பி நின்னுச்சு. படிக்கப் படிக்க நான் பின்னால பின்னால போனேன், முதுகு நாற்காலியில பட்டுச்சு. அந்த நாற்காலிக்கு முதுகு சாய்க்கிற பலகை இருந்ததே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். சந்தோசத்துல கண்ணு கலங்கிருச்சு, கண்ணாடியத் தொடச்சுட்டு மறுபடியும் படிச்சேன்.

மேனேஜர் வந்தாரு. பாத்தாரு. "இதென்ன, சினிமா போஸ்டரா?" அப்படின்னாரு. மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டு எஞ்சினியரை வரவழைச்சுட்டாரு. அந்தத் தம்பி வந்து எல்லாத்தையும் பழையபடி ஆக்கினாரு. "செட்டிங்கைத் தொடக் கூடாதும்மா," அப்படின்னாரு.

"தொட்டா மெஷின் கெட்டுப்போயிருமா?"

"கெடாது."

"கடுதாசி தப்பா வருமா?"

"வராது. ஆனா யாரும் அப்படி வைக்கிறதில்ல."

யாரும் வைக்கிறதில்லையாம். அந்த யாருக்கும் என் கண்ணு இல்லையே. நான் ஒரு ஃபிளாப்பி எடுத்து என் செட்டிங்கை எல்லாம் அதுல ஏத்திக்கிட்டேன். மடங்காம இருக்க ஞானப்பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள வச்சுக் கொண்டு போவேன். காலையில வந்ததும் என் செட்டிங்கை ஏத்துவேன், சாயங்காலம் அவுகளோடத ஏத்திட்டுக் கிளம்புவேன். பகல்ல முதலாளியோ மேனேஜரோ படியேறுற சத்தம் கேட்டாலும் மாத்திருவேன். மரப்படி, ரெண்டு பேரும் கனத்த ஆளுக, எனக்கு வேண்டிய நேரம் கிடைக்கும். கண்ணு மங்குனா காது தீட்டிக்கும்.

ஆடி போயி ஆவணியும் வந்துச்சு. ஒரு நாளு மேனேஜர் செருப்பைக் கீழயே கழட்டிட்டுப் பூனை மாதிரி ஏறி வந்திருக்காரு. திரையும் தெரியுது, மெஷின்ல என் ஃபிளாப்பியும் இருக்கு. கீழ போயி முதலாளியக் கூட்டிக்கிட்டு வந்தாரு.

முதலாளி உள்ள வந்து நின்னாக. மேனேஜர் பின்னாலயே நின்னு அடுக்குனாரு. "ஐயா, நல்ல நேரத்துல வச்ச மெஷினைக் கலைச்சுப் போட்டிருக்கு. வீட்டுல இருந்து என்னத்தையோ கொண்டாந்து ஏத்துது. வேதக்காரப் புள்ள, நம்ம சந்தனமெல்லாம் அதுக்கு என்ன தெரியும்? கண்ணும் அவிஞ்சு போயிக் கிடக்கு. எங்க அக்கா மகனை நாளைக்கே வரச் சொல்றேன்."

முதலாளி என்னையத்தான் பாத்தாக. "சந்தனத்தைத் தொட்டியாம்மா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான் ஏங்கய்யா தொடப் போறேன்? நல்லா வந்து பாருங்க, மூணு பொட்டும் வச்சது வச்சபடி இருக்கு. எழுத்தைத்தான் தள்ளி வச்சேன். அம்மா வச்ச பொட்டுக்கு இந்த வேதக்காரப் புள்ள எழுத்து ஒதுங்கி நிக்குது. ஒதுங்காம அது மேலயே ஓடுனது எஞ்சினியர் வச்ச எழுத்துதான். என் கண்ணு அவியல. எழுத்து சிறுசு, அதான் பெருசாக்குனேன். வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க, மூக்கை வச்சு இனி நான் படிக்க மாட்டேன்."

சொல்லி முடிச்சதும், போச்சுன்னு நினைச்சேன். அம்மா மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சு. முதலாளி திரையவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்புறம் வாயி மெதுவா அசஞ்சுச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாக. கடுதாசித் தலைப்புல மண்டியோட பேரு. அது அவுக அப்பா பேரு. படிச்சு முடிச்சுட்டு மறுபடியும் முதல்ல இருந்து படிச்சாக.

மெஷின் வந்த நாள்ல இருந்து நான் அடிச்ச ஒவ்வொரு கடுதாசியவும் முதலாளி திரையில பாத்து, சரி சரின்னு தலையாட்டிட்டுப் போயிருக்காக. ஒரு எழுத்தும் தெரிஞ்சதில்ல. அறுபதை நெருங்குன ஆளு, வெள்ளெழுத்து வந்து எத்தனையோ வருசம், கண்ணாடி போட்டா வயசாயிருச்சும்பாகன்னு வீம்பு. அது எனக்கு அந்த நிமிசந்தான் புரிஞ்சுச்சு. மேனேஜருக்குப் புரியல. "அழிச்சுரச் சொல்லுங்கய்யா," அப்படின்னாரு.

"இருய்யா," அப்படின்னாக முதலாளி. என்னை எழுந்திரிக்கச் சொல்லிட்டு என் நாற்காலியில உக்காந்தாக. முழுக் கடுதாசியவும் படிச்சாக. படிச்சுட்டு, "இப்படியே இருக்கட்டும்மா. வெளுப்பு மட்டும் கண்ணு கூசுது. அதைக் கறுப்பாக்கிரு," அப்படின்னாக.

பேசாம சரின்னிருக்கலாம். வேலை தப்பிச்சிருச்சு, அத்தோட விட்டிருக்கலாம். என்னால முடியல. "அது முடியாதுங்கய்யா. கறுப்பாக்குனா எனக்குத் தெரியாது. நீங்க உக்காந்தா உங்களுக்குக் கறுப்பாக்கித் தாரேன். நான் உக்காந்தா எனக்கு வெளுப்புத்தான் வேணும். ஆளுக்கு ஒரு ஃபிளாப்பி போட்டா முடிஞ்சுச்சு."

மேனேஜர் வாயத் திறந்தபடி நின்னாரு. அந்த மண்டியில முதலாளிகிட்ட முடியாதுங்கிற சொல்லை அவரு கேட்டதே இல்லபோல. "சரி, எனக்கு ஒண்ணு போடு," அப்படின்னாக முதலாளி. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, "ஆயுத பூசையெல்லாம் பாக்க வேண்டாம். நீ இங்கனயே இரு," அப்படின்னுட்டு இறங்கிட்டாக. அன்னைக்கு சாயங்காலம் அம்மாவுக்கு ஜிலேபி வாங்கிட்டுப் போனேன்.

புரட்டாசியில ஒரு மத்தியானம் மேனேஜர் தனியா மேல வந்தாரு. வாசல்லயே நின்னுக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்," அப்படின்னாரு. அவருக்கும் கண்ணு மங்கி வருசக்கணக்காச்சு. முதலாளிக்குக் கடுதாசிய ஒப்பு பாத்துச் சொல்ற வேலை அவரோடது.

"அதுக்கென்ன சார், போட்டுத் தாரேன். கீழ போயி, எனக்கும் கண்ணு தெரியலன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

படியிறங்கிப் போயிட்டாரு. சொல்லல. நானும் போட்டுக் குடுக்கல. நான் ஒண்ணும் புண்ணியவதி இல்ல. அவரு பழைய செட்டிங்லயே, பொட்டுக்குப் பின்னால ஒளிஞ்ச எழுத்தைத் தலையச் சாச்சுச் சாச்சு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில முதலாளியம்மா மறுபடி சந்தனக் கிண்ணத்தோட வந்தாக. பழைய பொட்டு மேலயே கெட்டியா, ஈரமா, மூணு புதுப் பொட்டு வச்சாக. அது காயுறதுக்குள்ளயே மெஷினைத் திறந்து முதல் கடுதாசி போகணும். பூசைக்கு முந்தின நாள் நான் அடிச்சு வச்சதை ஒப்பு பாக்க மேனேஜர் முன்னாலயே மேல போயிட்டாரு. நான் மாடி ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தேன், முதலாளியும் அவுக வீட்டம்மாவும் எனக்குப் பின்னால நின்னாக. மேனேஜர் வெளிய வந்தாரு.

"நடுப்பொட்டை யாருய்யா தொட்டது?" அப்படின்னாக முதலாளியம்மா, உள்ள எட்டிப் பாத்து.

மேனேஜர் என்னையப் பாத்தாரு. அம்மாவும் என்னையப் பாத்தாக. நான் கண்ணாடிய மேல ஏத்தி விட்டுக்கிட்டு அவரு மூக்கைப் பாத்தேன். எல்லாரும் பாத்தாக. மூக்கு நுனியில ஈரச் சந்தனம், அது மேல குங்குமம்.