வெறுங்காலோடு வந்த எக்ஸாமினர்

கெமிஸ்ட்ரி பிராக்டிகல் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர், பௌர்ணமி என்பதால் நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலோடு லேபுக்குள் வந்தார். நிமிடத்துக்கொரு தரம் ஜன்னல் வழியே தெரிந்த அண்ணாமலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கொடுத்த பியூரெட் ஒழுகியதால் அளவு தப்பாக வந்தது.

“சார், வேற பியூரெட் குடுங்க. இன்னொரு தடவை செஞ்சுடறேன்.”

“நேரமாச்சுப்பா, கிரிவலம் போவணும். அப்படியே வெச்சுட்டுப் போ.”

என்னை ஃபெயில் ஆக்கிவிட்டார் என்பது ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது.

தேர்வு நடந்த அன்று சாயங்காலம், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டிய என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நிதானமாகக் குடித்தார்.

“நல்லா படிப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார். என் ஒரு வருஷத்தைத் தின்ற அவசரம் அந்த நடையில் இல்லவே இல்லை.