இரண்டு வீட்டு நாள்காட்டி

லிப்ட்காரருக்கும் அவர் மனைவிக்கும் விவாகரத்து ஆனபோது மகளுக்கு ஆறு வயது. பெரிய காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வராத ஆள், அவ்வளவுதான். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் அவர் ஓடியாக வேண்டும். உள்ளே நாலு பேர் மூச்சுமுட்ட நிற்கும்போது, வீட்டில் சாப்பாடு ஆறுகிறது என்று யாரிடம் சொல்வது? சாப்பாட்டோடு சேர்ந்து மற்றதும் ஆறிப்போயிற்று.

ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கை கால் வெட்டி இழுத்தது. மனைவி ஒன்பது தடவை போன் செய்தாள். போன் கருவிப் பைக்குள் கிடந்தது, பை லிப்டின் மண்டைமேல் கிடந்தது, அவர் இரண்டு மாடி கீழே கதவை நெம்பிக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்குள் அவள் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது. அதற்கப்புறம் அவள் அவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டதே இல்லை.

இவர்களைப் பேசவிட்டால் ஐந்தாவது வாக்கியத்தில் சண்டை மூண்டுவிடுகிறது என்று கண்ட நீதிமன்ற ஆலோசகர் அம்மாள், இருவர் போனிலும் ஒரு செயலியை ஏற்றிவைத்தார். குழந்தை எந்த நாள் யார் வீட்டில் என்று அதில் நாள்காட்டி இருக்கும். அப்பாவின் நாள் நீலம், அம்மாவின் நாள் ஆரஞ்சு. மருந்து, பரீட்சை, செருப்பு அளவு, எதுவானாலும் அதில்தான் எழுத வேண்டும். எழுதியதை அழிக்க முடியாது. பிள்ளையைக் கைமாற்றுவதும் பள்ளிக்கூடம் வழியாகத்தான். வெள்ளி காலை அம்மா கொண்டுவந்து விடுவாள், மாலை அப்பா கூட்டிப்போவார். திங்கள் காலை அவர் விட்டுப் போனால் மாலை அவள் வருவாள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை.

கூட வேலை செய்யும் மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டு, “‘ஆப்’புன்னு பேருலயே ஆப்பு இருக்கு. அப்புறம் எப்படி விளங்கும்?” என்றான். லிப்ட்காரரும் சிரித்துவைத்தார்.

முதல் இரண்டு வருடம் அவளிடமிருந்து வந்ததெல்லாம் தந்தி மாதிரிதான். ‘இருமல் மருந்து பையில் உள்ளது.’ ‘ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வேண்டும்.’ அவரும் ‘சரி’ என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்குக்கூட நேரமும் தேதியும் பதிவாகும்.

மகளுக்கு எட்டு வயதானபோது அவள் மறுமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. மகள்தான் வந்து சொன்னாள், அவரை மாமா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து. லிப்ட்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நாலு நாளில் சமாளித்துக்கொண்டார். அவளைத் திரும்ப வா என்று கூப்பிடும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவருக்கே தெரியும்.

அதிலிருந்துதான் செய்தியின் போக்கு மாறியது. ‘நேத்து வாய்ப்பாடு வரலைன்னு அழுதா. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி விரல் வச்சுப் போட்டா, வந்துருச்சு. உங்ககிட்ட சொல்லச் சொன்னா.’ இன்னொரு நாள், ‘மழை பலமா இருக்கு, மெதுவா வாங்க, அவ ஸ்கூல்ல பத்திரமாத்தான் இருப்பா.’ மொட்டைமாடியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ‘நீங்க’ என்று இருந்தது. புதுக் கணவன் அவளைச் சந்தோஷமாக வைத்திருக்கிறான், அந்தச் சந்தோஷத்தில் தன்மேலும் இரண்டு துளி தெறிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, நிறைய ஆறுதலாகவும் இருந்தது.

ஆள் திருந்தினார். வெள்ளிக்கிழமை அவசர வேலை எதுவும் தரக்கூடாது என்று மேலாளரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார். நகக்கண்ணில் ஏறிய கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டு, பள்ளிக்கூட வாசலில் மணியடிக்க அரைமணி இருக்கும்போதே போய் நிற்பார். காவல்காரர் அவருக்கு ஸ்டூல் எடுத்துப்போடப் பழகிவிட்டார்.

மறு வருடம், ஒரு மத்தியான இடைவேளையில், அவர் அந்தச் செயலியில் நீளமாக ஒன்று எழுதினார். காய்ச்சல் வந்த அந்த நாளைப் பற்றி. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் அழுதுகொண்டிருந்தார், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, என் வீட்டில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள் என்று உறைக்கவில்லை, ஒன்பது அழைப்பையும் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன், மன்னிக்கச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டால் போதும். அனுப்பிவிட்டு, டிபன் பெட்டியை மூடினார்.

மறுநாள் காலை பதில் வந்தது. ‘பழச நெனச்சு உடம்பக் கெடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு நீங்க நல்ல அப்பா. அதுல சந்தேகமே இல்ல.’

அந்த ஒரு வருடம் அவர் நடை வேறு. மெக்கானிக்கூடக் கேட்டான், என்ன அண்ணே லாட்டரி விழுந்துருச்சா என்று.

மகளுக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காதில் விடும் சொட்டுமருந்தை மறந்துவிட்டு வந்திருந்தாள். எத்தனை சொட்டு என்று அம்மாவிடம் எழுதிக் கேட்கிறேன் என்று லிப்ட்காரர் போனை எடுத்தார். அவள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா அதெல்லாம் பாக்க மாட்டாங்கப்பா. மாமாதான் பாப்பாங்க. அவங்க போன்லதான் இருக்கு.”

“எப்பலேர்ந்துடா?”

“கல்யாணத்துலேர்ந்தே. அந்த மெசேஜ் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு வயித்த வலிக்கும். அதான் மாமா வாங்கிக்கிட்டாங்க.” பிறகு தலையைத் தூக்கி, “இந்தப் பச்சை முனை ஒடஞ்சு போச்சுப்பா” என்றாள்.

அவர் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்தார். ஞாயிறும் போனது. திங்கள் காலை அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போனார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே எழுந்தார். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது போல. கடைப் பையனை எதற்கோ வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டார். லிப்ட்காரர் உட்காரவில்லை.

“நான் எழுதினத அவகிட்ட காட்டினீங்களா?”

“இல்லைங்க.”

“ஏன்?”

“அவ சிரிக்க ஆரம்பிச்சே அப்பதான் கொஞ்ச நாளாகியிருந்துச்சு. எனக்கு மனசு வரல. தப்புதான்.”

“நல்ல அப்பான்னு எழுதினது?”

“அது நான் எழுதினது. பாப்பா உங்களப் பத்திப் பேசறத வச்சு எனக்குப் பட்டது.”

திட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். திட்டுவதற்கு எதிரில் ஒரு கெட்டவனாவது நிற்க வேண்டாமா? இந்த ஆள் கழற்றிய கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கடைசியில் லிப்ட்காரர், ஒரே ஒரு தடவை அவளைப் படிக்கச் சொல்லுங்கள், பதில் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். “காட்டினேங்க. முழுசாப் படிச்சா.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. போனக் கையில குடுத்துட்டு, துணி மடிக்கப் போயிட்டா.”

அழுதாளா, கோபப்பட்டாளா, எதுவும் இல்லையா என்று லிப்ட்காரர் கேட்டார். எதுவும் இல்லை என்றுதான் மருந்துக்கடைக்காரர் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்லிச் சலித்தவர்.

அதற்குப் பிறகும் செய்திகள் வந்தன, அதே கனிவோடு. லிப்ட்காரர் ‘சரி’ என்று மட்டும் எழுதினார். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்த பிறகு வேறு வார்த்தை வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பழையபடி முன்னதாகவே போய் நின்றார்.

மறு வருடம் மருந்துக்கடைக்காரருக்கு ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பொறுப்பு கிடைத்தது. நீலத்தை மாதத்துக்கு ஒரு வார இறுதியாகக் குறைக்கச் சொல்லிச் செயலியில் கோரிக்கை வந்தது. ஆலோசகர் அம்மாள், விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், வழக்கு மறுபடி நடக்கும், பிள்ளையையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார். லிப்ட்காரர் மகளிடம் கேட்டார். அங்கே பள்ளிக்கூடத்திலேயே நீச்சல்குளம் இருக்கிறதாம் என்றாள். சொன்ன உடனே அவர் முகத்தைப் பார்த்து, “நான் வருவேன்ல” என்றாள். அவர் ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்தினார்.

முதல் ஆறு மாதம் ஒழுங்காக வந்தாள். பிறகு போட்டி, பயிற்சி, தோழியின் பிறந்தநாள். பன்னிரண்டு வயது முடிந்ததும் செயலியில் அவளுக்கே ஒரு கணக்கு திறக்கலாம் என்று விதி இருந்தது. அதிலிருந்து அவள் அனுப்பிய முதல் கோரிக்கை, இந்த மாதம் வர முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாமா என்பது. கீழே சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தாள். அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நீலக் கட்டங்களும் ஆரஞ்சாக மாறின. அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று.

அவர் மேலாளரிடம் போய், இனி வெள்ளி, சனி, ஞாயிறு எந்த வேலை வந்தாலும் தனக்குப் போடலாம் என்றார். மேலாளர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் பெயரை எழுதிக்கொண்டார்.