வியர்த்த யன்னல்கள்

புலம்பெயர்ந்து வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டின் யன்னல்கள் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. மரச்சட்டங்கள் உக்கியிருந்தன. பூட்டிய யன்னலுக்குள்ளாலும் காற்று வந்து திரைச்சீலையை ஆட்டும். குளிர் தொடங்கமுன்னம் என் கணவர் யன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, ஹெயர் டிரையரால் சூடுகாட்டி இறுக்குவார். காற்றடிக்கிற நாளில் அது பூரி மாதிரி உப்பும். சோபாவில் போர்வைக்குள் இருந்தபடி நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்று குளிர்காலம் பார்த்தபிறகு, "இந்த முறை தாள் ஒட்டவேண்டாம், யன்னலையே மாத்துவம்" என்றேன். அஜின்கோர்ட்டில் யன்னல் வேலை செய்கிற ஒருவரைப் பிடித்தோம். எங்கள் ஊர்ப்பக்கத்தவர்தான். கோடைப் புழுக்கத்தில் வந்து பழையதைக் கழற்றி, இரட்டைக் கண்ணாடி யன்னல்களைப் பூட்டி, ஓரமெல்லாம் காற்றுப் புகாமல் இறுகிற நுரை அடித்துவிட்டுப் போனார்.

குளிர் வந்தது. வீடு கதகதவென்று இருந்தது. ஹீற்றர் இடைக்கிடை ஓய்வெடுத்தது. ஆனால் சில நாளில் கண்ணாடிகளின் உட்பக்கத்தில் தண்ணீர் வழியத் தொடங்கியது.

"ஏமாத்திப்போட்டார்" என்றார் கணவர்.

யன்னல் பூட்டியவரைக் கூப்பிட்டோம். அவர் வந்து ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். "தண்ணி வெளியிலையிருந்து வரேல்லை அண்ணை. உள்ளுக்கைதான் ஏதோ ஈரம்" என்றார். கணவர் நம்பவில்லை. இருவரும் முகம் கொடுக்காமல் பிரிந்தார்கள்.

அந்தச் சனி ஞாயிறு பிறம்ரனில் மச்சாள் வீட்டில் நின்றோம். திரும்பி வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிக்க வைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கவே குசினி யன்னல் மங்கியது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்றேன். "புட்டு ஆவி, சோத்து ஆவி, பேஸ்மென்ரிலை காயப்போடுற உடுப்பு. முந்தி எல்லாம் ஓட்டையளாலை போச்சுது. இப்ப போக வழியில்லை."

அவர் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு அடுப்புக்கு மேலிருந்த விசிறியைப் போட்டார். அது இரைந்ததே தவிர ஆவியை இழுக்கவில்லை. அடுத்தநாள் ஏணி வைத்து வெளிக்குழாயைத் திறந்தால், உள்ளே ஒரு பழைய குருவிக்கூடு அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தபிறகு விசிறி ஒழுங்காக வேலைசெய்தது. குளித்து முடிய குளியலறை யன்னலையும் கொஞ்சம் திறக்கச் சொன்னேன்.

"இவ்வளவு பாடுபட்டு அடைச்சுப்போட்டு, இப்ப திறக்கச் சொல்லுறீர்."

"பத்து நிமிசம்தான், திறவுங்கோ."

திறந்தார். கண்ணாடிகள் காய்ந்தன. இரண்டு நாள் யோசித்துவிட்டு, யன்னல்காரருக்குத் தானே தொலைபேசி எடுத்தார். "பிழை எங்கடைதான் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை வீட்டை சாப்பிட வாங்கோ."

அவர் மனைவியோடு வந்தார். புட்டும் மீன்குழம்பும் நன்றாகச் சாப்பிட்டார். போகிற நேரம் வாசலில் அவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டிருக்க, கணவர் மெல்லக் கேட்டார்:

"அண்ணை, இந்தக் கதவுக்குக் கீழாலையும் கொஞ்சம் காத்து வருது. ஒருக்காப் பாக்கிறியளே?"